ஃபெரி பில்டிங் சிப்பிக் கடைக்குத் தூத்துக்குடி அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கடலோடி மகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அம்மாவும் அப்பாவும் கலிபோர்னியாவில் உள்ள ஃப்ரீமாண்டுக்கு வருகிறார்கள். தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதிய அப்பா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வீட்டுக்குள் விட்டதில்லை. சென்ற முறை வந்திருந்தபோது இங்குள்ள பல்பொருள் அங்காடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மீன் துண்டங்களைப் பார்த்துவிட்டு, "இதற்குத் தலை எங்கே?" என்று கேட்டார். அதன்பின் ஊர் திரும்பும்வரை மீனே சாப்பிடவில்லை.

இம்முறை சான் பிரான்சிஸ்கோ ஃபெரி பில்டிங்கில் உள்ள சிப்பிக் கடைக்கு அவரை அழைத்துச் செல்ல நினைக்கிறேன். கண்ணெதிரே ஓட்டைத் திறந்து பனிக்கட்டியின் மேல் வைத்துத் தருவதால், அவருடைய சந்தேகத்துக்கு அங்கே இடமிருக்காது என்பது என் கணக்கு. ஆனால் பச்சையாக உண்ணுவதற்கு அவர் உடன்படுவாரா, உடன்படாவிட்டால் வேறு எதைச் சொல்லலாம், அந்த விலைக்கும் வரிசையில் நிற்பதற்கும் அது தகுமா என்பதையெல்லாம் அங்கே அடிக்கடி செல்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்ஷல் வழிப்போக்கன்

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். கடலை நம்பிப் பிழைத்த ஒருவருக்கு அந்தக் கட்டடமே பிடித்துப்போகும். 1898-இல் திறக்கப்பட்ட படகுத்துறை அது. 1930களில் இரண்டு பெரிய பாலங்களும் வருவதற்கு முன்பு, விரிகுடாவின் மறுகரையிலிருந்து நகரத்துக்குள் வந்தவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பிறகு அதன் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டடுக்கு விரைவுச்சாலை ஒன்றைக் கட்டினார்கள். 1989 நிலநடுக்கத்தில் அந்தச் சாலை பழுதாகி, இடிக்கப்பட்ட பிறகுதான் கட்டடத்துக்கு மறுபடி வெளிச்சம் வந்தது. உள்ளே இப்போது இருக்கும் உணவுக்கூடம் 2003-இல் திறக்கப்பட்டது. பயணப் பைகளும் சரக்குகளும் நகர்ந்த நீண்ட நடுக்கூடத்தின் இருபுறமும் இன்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மீனும் விற்கிறார்கள். கூடத்தின் பின்பக்கம் போனால் படகுகள் வந்து கட்டும் துறையும், அதற்கு அப்பால் அந்த இரண்டு பாலங்களில் ஒன்றான பே பாலமும் தெரியும்.

அங்கே சிப்பி விற்கும் ஹாக் ஐலண்ட் நிறுவனத்தார் 1983 முதல் டொமாலஸ் விரிகுடாவில் தாங்களே சிப்பி வளர்ப்பவர்கள். நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவில், சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலநடுக்கப் பிளவின் மேலேயே நீளமாகவும் குறுகலாகவும் கிடக்கும் குளிர்ந்த நீர்ப்பரப்பு அது. வளர்ப்பவரே விற்பதால் இடையில் கைமாறும் நாட்கள் குறைகின்றன என்பதே நான் அங்கே பணம் கொடுப்பதற்கு முதல் காரணம்.

இடம் கிடைத்தால் மேசையில் உட்காராமல், திறப்பவர் நிற்கும் இடத்துக்கு எதிரே உட்காருங்கள். குட்டையான, முனை மழுங்கிய கத்தியை ஓட்டின் கீல் இருக்கும் மூலையில் ஊன்றி, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டை ஒருமுறை திருப்புவார். மேல் ஓடு நெகிழ்ந்ததும், அதன் உட்புறத்தை ஒட்டியே கத்தியை ஓட்டித் தசையை அறுப்பார். பிறகு சதைக்கு அடியிலும் ஒருமுறை கத்தியை விட்டு விடுவித்துவிட்டு, குழிந்த ஓட்டில் தேங்கியிருக்கும் கடல்நீர் ஒரு சொட்டும் சிந்தாமல் பனிக்கட்டியின் மேல் வைப்பார். அந்த நீர்தான் சிப்பியின் சுவையில் பாதி.

தொட்டுக்கொள்ள அவர்கள் தரும் சாறில் அரிசிக் காடி (வினிகர்), சிறிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவை இருக்கும்; நம் வீட்டுப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். அதற்கு ஹாக்வாஷ் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் கழுநீர். அப்பாவிடம் பெயரைச் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

குளச்சல்காரி

பெயரைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சிப்பி என்றால் பாறையில் ஒட்டி வளரும், பழுப்பு ஓடுள்ள நீளமான உயிரினம்; ஆங்கிலத்தில் மஸல் என்பார்கள், மலையாளத்தில் கல்லுமேக்காய். குளச்சலிலும் கடியபட்டணத்திலும் ஆண்கள் பாறையடியில் மூழ்கிப் பெயர்த்து வருவார்கள். அதை அவித்து, வறுத்தரைத்த தேங்காயில் கறி வைப்போம். இந்த இழையில் பேசப்படுவதோ ஆய்ஸ்டர். ஓட்டுக்கு ஒழுங்கான வடிவமில்லை, கல்லைப்போல் கரடுமுரடாக இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் ஊரிலிருந்து வருபவர் தட்டைப் பார்த்துத் திகைத்துப் போவார். எங்கள் அம்மா அப்படித்தான் திகைத்தார்.

இன்னொன்று: தூத்துக்குடிக்காரருக்கு உண்ணும் ஆய்ஸ்டர் அந்நியமாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையம் 1970களிலேயே அதை வளர்க்கும் முறையை உருவாக்கியது. அவர்கள் வளர்த்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது, கிரசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். அப்பாவின் ஏலக்கூடத்துக்கு அது வராமல் இருந்திருக்கலாம். ஊருக்கு வராமல் இல்லை.

ஓக்லாண்ட் செவிலி

சுவையைப் பற்றிய பேச்சுக்கு நடுவே மருத்துவமனைக் கேள்வி ஒன்றைக் கேட்பதற்கு மன்னிக்கவும். உங்கள் அப்பாவுக்கு நீரிழிவு உண்டா? கல்லீரல் தொடர்பான நோய் ஏதேனும் உண்டா?

வெதுவெதுப்பான கடல்நீரில் வளரும் விப்ரியோ வல்னிபிகஸ் என்னும் கிருமி, உடல்நலம் உள்ளவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லீரல் நோயாளிகள், நீரிழிவு உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் அது கலந்துவிட்டால் ஓரிரு நாட்களில் உயிரைப் பறித்துவிடக்கூடும். மெக்சிகோ வளைகுடாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறுவடையான பச்சைச் சிப்பிகளை, கிருமி நீக்கும் பதப்படுத்தல் செய்யாமல் கலிபோர்னியாவில் விற்கக்கூடாது என்று 2003-இல் விதி கொண்டுவந்ததற்கு அதுவே காரணம். அதன்பின் இந்த மாநிலத்தில் அவ்வகைச் சாவுகள் ஏறத்தாழ நின்றே போயின. டொமாலஸ் விரிகுடாவின் நீர் குளிர்ந்தது என்பது உண்மை. ஆனாலும் கோடையில் இந்தக் கரையிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு விப்ரியோ வயிற்றைக் கலக்குவதுண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் குளிரையும் பொருட்படுத்தாது.

எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும், காரம் போட்டால் செத்துவிடும், கூடவே மது அருந்தினால் செத்துவிடும் என்று நம் நண்பர் வட்டத்திலும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுக்கும் அது சாகாது. வேகவைத்தால்தான் சாகும்.

கடலோடி மகன்

நல்லவேளையாகக் கேட்டீர்கள், அக்கா. அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அவர் பச்சையாகச் சாப்பிட ஒப்புக்கொள்வாரா என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். எனவே அவருக்குப் பச்சைச் சிப்பி வேண்டாம் என்பது முடிவாகிவிட்டது.

குளச்சல் சகோதரிக்கு: நேற்றுத் தொலைபேசியில் மெதுவாகப் பேச்சைத் தொடங்கியபோது, அப்பா எடுத்த எடுப்பிலேயே நாற்றத்தைப் பற்றித்தான் சொன்னார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது அவருக்கு எட்டு வயது. முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்களாம். காற்று திரும்பும் நாளில் அந்த வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாம். "சிப்பியைக் காசு கொடுத்துத் தின்கிறார்களா?" என்று கேட்டுச் சிரித்தார். முத்துச்சிப்பி வேறு, இது வேறு என்று எவ்வளவு சொன்னாலும் மூக்கு ஒப்புக்கொள்ளாது போலிருக்கிறது.

பார்ட் பயணி

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிப்பியில் இருப்பது ஒரு வாய் உணவு. ஒரு டஜனுக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு பேர் வயிறார நண்டு சாப்பிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், ஒரு துறைமுகக் கடையில் அரை டஜன் வாங்கினேன். காலையிலேயே திறந்து, குழாய்நீரில் அலசி, வறண்டுபோன சதையைப் பனிக்கட்டியின் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். உப்பும் இல்லை, கடலும் இல்லை. ஈரமான ரப்பரைத் தின்றதுபோல் இருந்தது. கேட்டதற்கு, ஓட்டுத் தூள் இருக்கக்கூடாது என்பதற்காக அலசினோம் என்றார்கள். அன்றோடு சிப்பிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு உயிருள்ள டஞ்சனஸ் நண்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். கையில் தூக்கி எடை பார்ப்பார், கொடுக்கைச் சோதிப்பார், பேரம் பேச முயல்வார். அதுதான் அவருக்குத் திருவிழா. வீட்டில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு…

நெறியாளர்

வீட்டு நண்டு மசாலாவுக்குச் சமையல் பிரிவில் தனி இழை இருக்கிறது. இங்கே ஃபெரி பில்டிங்கில் உண்பதைப் பற்றி மட்டும் தொடருங்கள்.

மார்ஷல் வழிப்போக்கன்

பார்ட் பயணி சொன்னது சிப்பியின் குற்றமல்ல, குழாயின் குற்றம். திறந்து அலசிய சிப்பி, பிழிந்து சக்கையாக்கிய கரும்புதான். ஒரு கடையை நம்பலாமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனைகள் எளியவை. கேட்ட பிறகுதான் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எந்த விரிகுடா, என்றைக்கு எடுத்தது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிப்பி மூட்டையிலும் எடுத்தவர், எடுத்த இடம், எடுத்த நாள் ஆகியவை எழுதிய அட்டை கட்டப்பட்டிருக்கும். மூட்டை காலியான பிறகும் 90 நாட்களுக்கு அந்த அட்டையைக் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போனால் எந்த நீரிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதற்காகத்தான் அது. ஏலக்கூடத்தில் கணக்கெழுதியவருக்கு இந்த அட்டை நிச்சயம் பிடிக்கும்.

மாதத்தின் ஆங்கிலப் பெயரில் ஆர் எழுத்து இருந்தால்தான் சிப்பி சாப்பிடலாம் என்ற பழைய பேச்சையும் கேட்டிருப்பீர்கள். மே முதல் ஆகஸ்டு வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் சதை தளர்ந்து பால்போல் ஆகிவிடும் என்பது அதன் பின்னால் உள்ள நியாயம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளைக் கட்டிவைப்பதை அறிந்தவருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். இப்போது முட்டையிடாத மும்மடி (குரோமோசோம் தொகுதி மூன்றுள்ள) இனங்களை வளர்ப்பதால் கோடையிலும் சதைப்பிடிப்பான சிப்பி கிடைக்கிறது. பெருமழைக்குப் பிறகுதான் தட்டுப்பாடு வரும். நிலத்தின் அழுக்கு விரிகுடாவில் இறங்குவதால், மழையளவைப் பொறுத்துச் சில நாட்கள் அறுவடையை நிறுத்திவைப்பார்கள்.

நண்டைப் பொறுத்தவரை, உள்ளூர் டஞ்சனஸ் கிடைக்கும் காலமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் தொடங்கிய வணிகப் பிடிப்பு, திமிங்கிலங்கள் கூண்டுக் கயிறுகளில் சிக்குவதைத் தடுப்பதற்காக அண்மை ஆண்டுகளில் புத்தாண்டு கடந்தே தொடங்குகிறது. கலிபோர்னியக் கடலின் சால்மனுக்கு 2023 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வணிகப் பிடிப்பே இல்லாமல் போனது. பலகையில் சால்மன் என்று எழுதியிருந்தால் எந்த ஊர்ச் சால்மன் என்று கேட்டுவிடுங்கள்.

கூழ்ப்பானை

யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து ஒரு சொல். பச்சைச் சிப்பி வேண்டாமென்றால், அந்தக் கூடத்தில் சிறந்த மாற்று சூடான குழம்புக் கிண்ணம்தான். ஆனால் வெள்ளையாக இருக்கும் மட்டிக் குழம்பான கிளாம் சௌடரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் உப்பிட்ட பன்றித் துண்டில் இறங்கிய கொழுப்பில்தான் வெங்காயத்தையே வதக்குவார்கள், அது பலகையில் எழுதப்பட்டிருக்காது. எங்கள் வீட்டில் அம்மம்மா பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இன்றுவரை அவவிடம் சொல்லவில்லை.

சியோப்பினோ என்ற பெயரைப் பலகையில் கண்டால் விடாதீர்கள். இந்த நகரத்தில் குடியேறிய இத்தாலிய மீனவர்கள், அன்றைக்கு வலையில் கிடைத்த நண்டு, மட்டி, மீன் எல்லாவற்றையும் தக்காளியிலும் வைனிலும் போட்டுக் காய்ச்சிய குழம்பு அது. ஒடியல் மாவும் (காயவைத்த பனங்கிழங்கு மாவு) பழப்புளியும் இல்லையென்பதைத் தவிர, எண்ணத்தில் அது எங்கள் கூழ்தான். ஒரே பானையைச் சுற்றியிருந்து, நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே குடிக்க வேண்டிய பொருள். மேசை நாகரிகம் பார்ப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

ஓக்லாண்ட் செவிலி

வாட்டிய சிப்பியும் கிடைக்கும். ஓட்டோடு நெருப்பில் வைத்து, மேலே வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். வெண்ணெயில் விஸ்கி சேர்ப்பதுண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு அதையே சொல்லுங்கள். ஆனால் "நன்றாக வெந்திருக்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரம் சுருங்கி, நடுவிலும் சூடேறி, சதை கெட்டிப்பட்டிருக்க வேண்டும். நடுவில் கொழகொழவென்று இருந்தால் திருப்பி அனுப்புவதில் கூச்சம் வேண்டாம்.

கடலோடி மகன்

சென்று வந்ததைப் பதிவு செய்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஃப்ரீமாண்டில் ரயில் ஏறி, எம்பார்காடெரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம். சனிக்கிழமை உழவர் சந்தைக் கூட்டத்துக்கு அம்மாவின் முழங்கால் தாங்காது என்பதால் வார நாளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். பதினொன்றரைக்குள் போய்விட்டதால் திறப்பவருக்கு நேர் எதிரே மூன்று நாற்காலிகள் கிடைத்தன.

அப்பா முதல் பத்து நிமிடம் எதையும் தொடவில்லை. அந்த இளைஞரின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை, அதன் மேல் மடித்த துணி, துணிக்குள் சிப்பி. ஓரிடத்தில் அந்த இளைஞர் ஒரு சிப்பியை எடுத்து, மற்றொன்றோடு தட்டிப் பார்த்துவிட்டுத் திறக்காமலேயே தொட்டியில் எறிந்தார். ஏன் எறிந்தார் என்று கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டேன். உயிருள்ளது இறுக மூடியிருப்பதால் கல்லோடு கல் மோதும் சத்தம் வரும், செத்தது உள்ளே காய்ந்து பொள்ளலாக ஒலிக்கும் என்று சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து அதையே மறுபடி எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா காதருகே வைத்துத் தட்டினார். பிறகு நல்லதொன்றை வாங்கித் தட்டினார். "தேங்காய் மாதிரிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். செவுள் இல்லாத பொருளை எதை வைத்து மதிப்பிடுவது என்று இரண்டு வாரமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அத்தோடு நின்றது.

அட்டையையும் கேட்டோம். தயக்கமில்லாமல் காட்டினார்கள். அப்பா மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நாளையும் இடத்தையும் படித்தார். எழுத்து தெளிவாக இல்லை என்பது மட்டும் அவருடைய குறை.

எனக்கு ஆறு பச்சைச் சிப்பிகள், அவருக்கும் அம்மாவுக்குமாக நான்கு வாட்டியவை. விஸ்கி வேண்டாம், நன்றாக வேகட்டும் என்று சொன்னதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை; வெறும் வெண்ணெயும் பூண்டும் போட்டுத் தந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். வெந்த வெண்ணெய் மணம்தான் வந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தார். அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, தன்னுடைய இரண்டாவதையும் அவர் பக்கம் தள்ளிவிட்டார். என் தட்டில் இருந்த கழுநீர்ச் சாற்றில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்ட அம்மா, இதை வீட்டிலேயே செய்துவிடலாம், ஊர்ப் பச்சை மிளகாய் என்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். பெயரின் பொருளைச் சொன்னேன். பிறகு அவர் அதைத் தொடவில்லை.

பார்ட் பயணிக்கு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயிறு நிறையவில்லை. வெளியே வந்து நீர்ப்பக்கமாக உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். கடற்பறவைகள் கிட்டத்தட்ட பொட்டலத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தன. சாசலிட்டோ படகு துறையை விட்டு விலகும்வரை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கயிறு கட்டும் ஆளின் முடிச்சு சரியில்லை என்றார்.

விலையைக் கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அப்படியும், ஏலத்தில் இந்த விலை போயிருந்தால் தூத்துக்குடியில் ஒருவரும் முத்தைத் தேடியிருக்கமாட்டார்கள் என்றார்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. அட்டையில் படித்த அந்த விரிகுடாவைப் பார்க்க வேண்டுமாம். வளர்ப்பவர்கள் நீருக்குள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள், கூடையா கயிறா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அந்த விரிகுடாக் கரையில் உள்ள மார்ஷல் வரை காரில் போனால் உட்கார இடம் கிடைக்குமா?

மார்ஷல் வழிப்போக்கன்

வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், சாலையோரத்தில் கார் நிறுத்தவே இடம் இருக்காது. வேலை நாளாக இருந்தால் நல்லது. நீரேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். அப்போதுதான் சேற்றின் மேல் வரிசை வரிசையாகக் கிடக்கும் வலைப்பைகள் கரையிலிருந்தே அவர் கண்ணுக்குத் தெரியும். ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் வளைவுகள் அதிகம். அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள்.